ஜாக்கிக்குத் தடை, குதிரைக்குக் கோப்பை: இரண்டும் ஒரே பந்தயத்தில் எப்படிச் சேரும்?

கிண்டிவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சிறுவயதில் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிண்டி மைதானத்துக்குப் போய்ப் பழகியவன் நான். பணம் கட்டுவதில் எனக்கு என்றைக்கும் நாட்டம் இருந்ததில்லை. குதிரைகள் கடைசி வளைவைக் கடந்து நேர்பாதைக்கு வரும் அந்தச் சில நொடிகளைப் பார்ப்பதற்காகவே போவேன். அண்மையில் பழைய பந்தயப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுந்த ஒரு ஐயத்தை இங்கே வைக்கிறேன்.

2011 ஜூன் மாதம் இங்கிலாந்தில் நடந்த ராயல் ஆஸ்காட் விழாவில், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஸ்டேக்ஸ் பந்தயத்தில், ரீவைல்டிங் என்ற குதிரையை ஓட்டிய ஃப்ராங்கி டெட்டோரி கடைசி இரண்டு ஃபர்லாங்குகளில் (ஏறத்தாழ 400 மீட்டர்) 24 முறை சவுக்கால் அடித்து, சோ யூ திங்க் என்ற குதிரையைக் கழுத்தளவு வித்தியாசத்தில் முந்தினார். ஸ்டூவர்டுகள், அதாவது பந்தயத்தைக் கண்காணித்து விசாரிக்கும் அதிகாரிகள், அவருக்கு 9 நாள் தடை விதித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் கிராண்ட் நேஷனலை வென்ற பாலாபிரிக்ஸ் குதிரையின் ஜாக்கி ஜேசன் மக்வயருக்கும் சவுக்கை மிகுதியாகப் பயன்படுத்தியதற்காக 5 நாள் தடை கிடைத்தது. இரண்டு பந்தயங்களிலும் வெற்றி அப்படியே நின்றது. பரிசுப்பணமும் கோப்பையும் உரிமையாளர்களிடமே தங்கின.

ஆனால் 2019 மே மாதம் அமெரிக்காவில் நடந்த கென்டக்கி டெர்பியில் முதலாவதாக வந்த மாக்சிமம் செக்யூரிட்டி என்ற குதிரையை, வளைவில் விலகி ஓடி மற்றக் குதிரைகளின் வழியை மறித்தது என்று சொல்லி 17-ஆம் இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதன் ஜாக்கி லூயிஸ் சயேஸுக்குத் தனியாக 15 நாள் தடையும் கிடைத்தது.

விதியை மீறி அடித்தவர் ஜாக்கி. அந்த அடியால் வெற்றி கிடைத்திருந்தால் அந்த வெற்றி எப்படிச் செல்லும்? ஓரிடத்தில் குதிரையின் இடம் பறிபோகிறது, இன்னோரிடத்தில் ஜாக்கியின் சில நாள் வருமானம் மட்டும் போகிறது. இந்த வேறுபாட்டுக்கு ஒரு நியாயம் இருக்கிறதா, அல்லது நாட்டுக்கு நாடு வழக்கம் மாறுகிறது என்பதுதான் விடையா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எடைக்கூடம் எழுதுகிறார்:

நண்பர் கிண்டிவாசிக்கு வணக்கம். தென்னிந்தியாவில் ஒரு பந்தய மன்றத்தின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஸ்டூவர்டுகளின் விசாரணை அறைக்கு வெளியே கோப்புகளோடு காத்திருந்த நாள்கள் பல. உங்கள் கேள்விக்குள் இரண்டு வேறு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எந்த நாட்டிலும் பந்தயம் முடிந்ததும் ஸ்டூவர்டுகள் தங்களிடமே இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார்கள். முதலாவது, வந்து சேர்ந்த வரிசை சரியான வரிசைதானா என்பது. இரண்டாவது, ஓட்டியவர் ஓட்ட வேண்டிய முறைப்படி ஓட்டினாரா என்பது. முதல் கேள்விக்கான விடை குதிரையைச் சேரும்; உரிமையாளரும் பயிற்சியாளரும் பணம் கட்டியவர்களும் அதில் அடக்கம். இரண்டாவது கேள்விக்கான விடை ஜாக்கியின் உரிமத்தை மட்டும் தொடும். வழிமறிப்பு இரண்டு கேள்விகளுக்கும் பொதுவானது, ஏனென்றால் அது இன்னொரு குதிரையின் ஓட்டத்தைக் கெடுக்கிறது. சவுக்கு அடி நெடுங்காலமாக இரண்டாவது கேள்விக்குள் மட்டுமே வைக்கப்பட்டிருந்தது. அது தன் குதிரைக்குச் செய்யும் குற்றம், பிறர் குதிரைக்குச் செய்யும் குற்றம் அன்று என்பது பழைய எண்ணம்.

வழிமறிப்பிலும் உலகம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, ஹாங்காங் போன்ற இடங்களில் உள்ளது முதல் வகை விதி. அதன்படி, மறிக்கப்பட்ட குதிரை, மறிப்பே நடக்காமல் இருந்திருந்தால், மறித்த குதிரைக்கு முன்னால் வந்திருக்குமா என்று மட்டுமே பார்ப்பார்கள். வந்திருக்கும் என்று உறுதியானால் வரிசை மாறும். இல்லையென்றால் மாறாது, ஜாக்கி மட்டும் தண்டிக்கப்படுவார். ஜப்பான் 2013-இலும், பிரான்சும் ஜெர்மனியும் 2018-இலும் இந்த முறைக்கு வந்தன. அமெரிக்கா இன்னும் இரண்டாவது வகையில் நிற்கிறது: மறித்த செயல் பிறருடைய வாய்ப்பைக் கெடுத்தது என்று தெரிந்தாலே போதும், மறித்த குதிரை கீழே இறங்கும்.

கென்டக்கியில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். மாக்சிமம் செக்யூரிட்டி வெற்றிக் கம்பத்தைக் கடந்தபோது இரண்டாவதாக வந்த கன்ட்ரி ஹவுஸ் குதிரையின் வழி மறிக்கப்படவே இல்லை. மறிக்கப்பட்டவை வார் ஆஃப் வில், லாங் ரேஞ்ச் டாடி போன்ற குதிரைகள். அவை பின்னால்தான் வந்தன. ஸ்டூவர்டுகள் ஏறத்தாழ 22 நிமிடம் படச்சுருளைப் பார்த்துவிட்டு, மறிக்கப்பட்டவற்றுள் கடைசியாக வந்த லாங் ரேஞ்ச் டாடிக்குப் பின்னால் அதை வைத்தார்கள். அதனால்தான் 17 என்ற எண். முதல் வகை விதி அங்கே இருந்திருந்தால், என் கணிப்பில், அந்த வெற்றி நின்றிருக்கும். சேறாகிக் கிடந்த தடத்தில் ஒரு குதிரை விலகியதற்காக, வெல்லாது என்று கருதிப் பந்தயப்பணத்தில் 65-க்கு 1 என்று விலை வைக்கப்பட்ட கன்ட்ரி ஹவுஸ் டெர்பியை வென்றதாக வரலாற்றில் எழுதப்பட்டது. மாக்சிமம் செக்யூரிட்டியின் உரிமையாளர்கள் நீதிமன்றம் போயும் பயன் கிட்டவில்லை.

முதல் வகை விதி எளிது என்று எண்ணிவிடாதீர்கள். 2015 செப்டம்பரில் டான்காஸ்டரில் நடந்த செயின்ட் லெஜர் பந்தயத்தில் சிம்பிள் வெர்ஸ் என்ற பெண்குதிரை தலையளவு முன்னே வந்தது. வழியில் பாண்டி பீச் என்ற குதிரையோடு உரசியிருந்தது. உரசல் நடந்திராவிட்டால் பாண்டி பீச் முந்தியிருக்கும் என்று அன்றைய ஸ்டூவர்டுகள் எண்ணி வெற்றியை மாற்றினார்கள். 11 நாள் கழித்து மேல்முறையீட்டில் அந்த எண்ணம் தவறு என்று தீர்ப்பாகி, வெற்றி சிம்பிள் வெர்ஸுக்கே திரும்பியது. ஒரே படத்தை நிதானமாகப் பார்த்த இரண்டு குழுக்கள், நடக்காத ஒன்றைக் கற்பனை செய்து, இரண்டு வேறு முடிவுக்கு வந்தன. இந்தக் கற்பனைதான் ஸ்டூவர்டுகளின் வேலையில் கடினமான பகுதி என்பது என் கருத்து.

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். பிரிட்டனில் கவனக்குறைவாக ஓட்டினால் ஜாக்கிக்குத் தடை மட்டுமே. ஆபத்தான முறையில் ஓட்டினார் என்று தீர்மானித்தால் குதிரையும் பந்தயத்திலிருந்து நீக்கப்படும். பந்தயம் முடிந்து ஜாக்கி எடை பார்க்க வராமல் போனாலும் அப்படியே. ஆகவே ஜாக்கியின் தவறு குதிரையைத் தொடவே தொடாது என்பதும் சரியன்று.

முன்னாள் சவாரிக்காரன் எழுதுகிறார்:

எடைக்கூடம் ஐயா சொன்ன விதி விளக்கத்தில் நான் திருத்த ஒன்றும் இல்லை. குதிரையின் முதுகில் இருந்து பார்த்தால் இது எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன். ஊட்டியிலும் சமவெளியிலும் சில பருவங்கள் பயிற்சி ஜாக்கியாக ஓட்டியவன் நான். பெரிய பெயர் எதுவும் எடுத்ததில்லை.

ஒரு ஃபர்லாங் என்பது ஏறத்தாழ 201 மீட்டர். நல்ல குதிரை அதை 12 நொடியில் கடக்கும். அந்த 12 நொடிக்குள் ஜாக்கி தன் குதிரையின் மூச்சையும், பக்கத்துக் குதிரையின் தோளையும், முன்னால் திறக்கும் இடைவெளியையும், கையில் உள்ள கடிவாளத்தின் இழுப்பையும் கவனித்தாக வேண்டும். அத்தோடு, இதுவரை எத்தனை அடி அடித்தோம் என்ற எண்ணையும் மனத்துக்குள் வைத்திருக்க வேண்டும். முடியாது என்று நான் சொல்லவில்லை. இன்றைய இளைஞர்கள் அதைப் பழகிவிட்டார்கள். ஆனால் விதி எழுதுகிறவர் இதை உணர்ந்து எழுத வேண்டும்.

பிரிட்டிஷ் குதிரைப்பந்தய ஆணையம் 2011 அக்டோபரில் கொண்டுவந்த விதி அப்படி எழுதப்படவில்லை. சமதளப் பந்தயத்தில் மொத்தம் 7 அடி, தடை தாண்டும் பந்தயத்தில் 8 அடி, அவற்றுள் கடைசி ஃபர்லாங்கில், அல்லது கடைசித் தடைக்குப் பிறகு, 5-க்கு மேல் கூடாது என்றார்கள். ஃபர்லாங் கம்பம் பக்கவாட்டில் இருக்கிறது. ஜாக்கியின் கண் முன்னால் இருக்கிறது. அம்மாதம் 15-ஆம் தேதி ஆஸ்காட்டில் சாம்பியன் ஸ்டேக்ஸை சிர்ருஸ் தே ஐக்ல் என்ற குதிரையில் வென்ற பெல்ஜிய ஜாக்கி கிறிஸ்டோஃப் சுமியோன், கடைசி ஃபர்லாங்கில் ஒரே ஒரு அடி கூடுதலாக அடித்தார் என்பதற்காக 5 நாள் தடையும், தன் பங்குப் பரிசுப்பணமான 50,000 பவுண்டுக்கும் மேற்பட்ட தொகையும் இழந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு, ரிச்சர்ட் ஹியூஸ் என்ற மூத்த ஜாக்கி, ஒரே வாரத்தில் இரண்டு முறை தண்டிக்கப்பட்டதும் தன் உரிமத்தையே திருப்பிக் கொடுத்துவிட்டார். சவுக்கைக் கண்மூடித்தனமாக வீசுகிறவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. பின்னர் திரும்பி வந்து 2012 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அந்நாட்டின் முதன்மை ஜாக்கியாக இருந்தவர் அவர். கடைசி ஃபர்லாங் கணக்கை ஆணையம் சில நாள்களிலேயே கைவிட்டது. மொத்த எண்ணிக்கை மட்டும் நின்றது, அது நியாயமானது.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு வளைவில் ஒரு குதிரையின் முழு நீளம் முன்னே போய்விட்டதாக எண்ணி உள்பக்கம் இறங்கினேன். பின்னால் வந்தவர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, குதிரையின் தலை மேலே போயிற்று. விசாரணையில் எதிர்முகப் படத்தைக் காட்டினார்கள். பக்கவாட்டுப் படத்தில் எனக்கும் அவருக்கும் நிறைய இடைவெளி இருப்பதுபோலத் தெரிந்தது. எதிர்முகப் படத்தில் அரை நீளம்கூட இல்லை. இரண்டு வாரத் தடை. அதை இன்றும் சரியான தண்டனை என்றே கருதுகிறேன். மூன்றாவதாக வந்த என் குதிரையின் இடம் மாறவில்லை. உரிமையாளர் எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றி எனக்கு இனிக்கவில்லை.

நண்பரின் கேள்விக்கு என் விடை இதுதான்: தடை என்பது எல்லோருக்கும் ஒரே அளவு வலி தருவதில்லை. பெரிய பந்தயத்தின் வெற்றிப் பங்கை வாங்கிக்கொண்டு 9 நாள் வீட்டில் இருப்பது ஒரு நட்சத்திர ஜாக்கிக்குத் தாங்கக்கூடிய விலை. வாரத்துக்கு மூன்று சவாரி கிடைப்பதே அரிதான ஒரு பையனுக்கு அதே 9 நாள் வாடகைப் பணம். திரும்பி வரும்போது அவனுடைய குதிரையில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான்.

மருத்துவர் மலர் எழுதுகிறார்:

நான் கால்நடை மருத்துவர். பந்தயக் குதிரைகளோடு அதிகப் பழக்கம் இல்லை. இருந்தாலும் இந்த உரையாடலில் குதிரையின் தோல் இதுவரை பேசப்படவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் குதிரையின் தோலையும் மனிதத் தோலையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டார்கள். வலியை உணரும் நரம்பு முனைகள் மேல்தோலில் செறிந்திருக்கும் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. குதிரைத் தோல் தடித்தது, அதற்கு உறைக்காது என்று லாயங்களில் சொல்லப்படுவது அந்த ஆய்வுக்கு முன் நிற்காது. பிரிட்டனில் இப்போது பயன்படும் சவுக்கு பஞ்சுறை வைத்தது, பழைய தோல்வார் அன்று என்பதை ஏற்கிறேன். அதனால் வலி குறையும், இல்லாமல் போகும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

நார்வேயில் குதிரையை விரட்டுவதற்காகச் சவுக்கை வீசுவது 1982 முதலே தடை செய்யப்பட்டிருக்கிறது. அங்கேயும் குதிரைகள் ஓடுகின்றன, ஒன்று மற்றொன்றை முந்துகிறது. பிரிட்டனிலேயே பயிற்சி ஜாக்கிகளுக்கென்று, கைகளாலும் குதிகாலாலும் மட்டும் ஓட்ட வேண்டிய பந்தயங்கள் நடக்கின்றன. ஆகவே ஏழா எட்டா என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, பாதுகாப்புக்காகக் கையில் வைத்துக்கொள், வேகத்துக்காக வீசாதே என்று சொல்லிவிட்டால் எண்ணும் சிக்கலே எழாது. ரீவைல்டிங் அடுத்த மாதமே, அதே ஆஸ்காட்டில், வேறொரு பந்தயத்தில் அடிபட்டு இறந்துபோனது. அந்த 24 அடிகளுக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. மருத்துவராக அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனால் அதன் கடைசி வெற்றி எப்படிப் பெறப்பட்டது என்பது என் மனத்தை விட்டுப் போகவில்லை.

கிண்டிவாசி எழுதுகிறார்:

மூவருக்கும் நன்றி. வரிசை வேறு, நடத்தை வேறு என்ற பிரிவினை இப்போது புரிகிறது. ஆனாலும் ஐயா, சவுக்கு தன் குதிரைக்கு மட்டும் செய்யும் குற்றம் என்ற பழைய எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கழுத்தளவில் தோற்ற சோ யூ திங்க் குதிரையின் ஜாக்கி விதிக்குள் நின்று ஓட்டியிருந்தால், அவர் விதியை மதித்ததே அவருக்கு இழப்பாகிவிடாதா? குதிரையையே நீக்கும் விதி எங்கேனும் உண்டா? அப்படி நீக்கினால் பணம் கட்டியவர்கள் நிலை என்ன?

எடைக்கூடம் எழுதுகிறார்:

நீங்கள் கேட்டதைத்தான் பிரிட்டிஷ் ஆணையமும் இறுதியில் கேட்டுக்கொண்டது. 2023-இல் அங்கே நடைமுறைக்கு வந்த விதியில் அடிகளின் எல்லை சமதளத்தில் 6, தடை தாண்டலில் 7 என்று ஒவ்வொன்று குறைக்கப்பட்டது. எல்லையை 4 அடியோ அதற்கு மேலோ கடந்தால் குதிரையே நீக்கப்படும். பெரிய பந்தயங்களில் ஜாக்கிக்கான தடை நாள்களும் இரட்டிப்பாகும். அந்தக் கணக்கை 2011 பந்தயத்தின் மேல் வைத்துப் பாருங்கள்: 24 அடி அடித்த ரீவைல்டிங் இன்று கோப்பையைப் பார்த்திருக்காது.

இன்னொரு மாற்றமும் அதனோடு வந்தது. சவுக்குக் குற்றங்களை மைதானத்தில் உள்ள ஸ்டூவர்டுகள் அன்றைக்கே தீர்ப்பதற்குப் பதிலாக, தனிக் குழு ஒன்று வாரந்தோறும் கூடி, விதி மீறியிருக்கலாம் என்று தோன்றும் சவாரிகளைப் பார்த்து முடிவெடுக்கிறது. மைதானத்துக்கு மைதானம் தண்டனை மாறுகிறது என்ற நெடுநாள் குறை அதனால் குறைந்தது. ஆனால் முடிவு பல நாள் கழித்து வருவதால் பணம் கட்டியவர்கள் கணக்கில் அது ஏறாது. ஜாக்கிகள் எடை பார்த்து முடிந்ததும் அறிவிக்கப்படும் வரிசைதான் பந்தயப்பணத்துக்கு இறுதி. செயின்ட் லெஜர் மேல்முறையீட்டிலும் அதே நிலைதான். சிம்பிள் வெர்ஸுக்கு வெற்றி திரும்பியது, அதன்மேல் கட்டியவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் பணம் திரும்பவில்லை. இது கசப்பானது என்றாலும், சீட்டைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவரிடம் அடுத்த வாரம் போய்த் திருப்பிக் கேட்க முடியாது என்பதால் வேறு வழி இல்லை.

மருத்துவர் அம்மா சொன்னதை மதிக்கிறேன். வேகத்துக்காகச் சவுக்கே கூடாது என்ற நிலைக்கு ஒரு நாள் எல்லோரும் வரக்கூடும். அதுவரை எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கைக்குக் குதிரையைத் தொடும் பல்லும் வேண்டும்.

சவுக்கை மட்டும் பேசிக்கொண்டிருப்பதால் ஒன்று விடுபடுகிறது. ஜாக்கிகளுக்கான விதிகளில் மிகக் கடுமையான தண்டனை அடிப்பதற்கு அன்று, அடிக்காமல் விடுவதற்கே. கிண்டியில் 'குதிரையைப் பிடித்துவிட்டான்' என்று கூட்டத்தில் குரல் எழும்பும் அல்லவா, அந்தக் குற்றத்தைச் சொல்கிறேன். டேனி பிராக் என்ற ஜாக்கி, பந்தயப்பணம் கட்டியவர்களோடு சேர்ந்து தன் குதிரைகளை வேண்டுமென்றே தோற்கவைத்தார் என்று நிரூபணமாகி, 2023-இல் பிரிட்டனில் 15 ஆண்டுத் தடை பெற்றார். ஆஸ்திரேலியாவின் டேமியன் ஆலிவர், 2010-இல் தான் ஓட்டிய பந்தயத்திலேயே வேறொரு குதிரையின்மேல் 10,000 டாலர் கட்டியதற்காக 2012-இல் 10 மாதம் விலக்கி வைக்கப்பட்டார். மறு ஆண்டு திரும்பி வந்து மெல்பர்ன் கோப்பையை வென்றார். 10 மாதம் போதுமானதா என்பதில் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை. நம் உச்ச நீதிமன்றம் 1996-இல், சென்னைப் பந்தய மன்றம் தொடர்பான வழக்கில், குதிரைப்பந்தயம் திறமையைச் சார்ந்தது, வெறும் சூதாட்டம் அன்று என்று தீர்ப்பளித்தபோது, குதிரையின் பயிற்சியோடு ஜாக்கியின் திறமையையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. தன் பந்தயத்தில் இன்னொரு குதிரைமேல் பணம் வைத்திருக்கும் ஜாக்கி அந்த அடிப்படையையே அரித்துவிடுகிறார்.

முன்னாள் சவாரிக்காரன் எழுதுகிறார்:

குதிரையை நீக்கும் விதியை ஜாக்கிகள் எதிர்ப்பார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். என் அனுபவம் வேறு. ஓட்டப் போகும் முன் சுற்றுவெளியில் நிற்கும்போது பயிற்சியாளரும் உரிமையாளரும் காதருகில் சொல்வது நினைவிருக்கிறது: 'தேவையானால் அடி, தடை வந்தால் பார்த்துக்கொள்வோம்.' அந்தச் சொல்லுக்கு மறுப்புச் சொல்ல ஒரு பயிற்சி ஜாக்கிக்கு வழி கிடையாது. மறுத்தால் அடுத்த வாரம் அவனுக்குச் சவாரி இருக்காது. தடை அவனுக்கு, கோப்பை அவர்களுக்கு என்று இருந்தவரை அந்தச் சொல் நிற்கவில்லை. 4 அடி கூடினால் கோப்பையே போகும் என்று ஆனபின், அதே உரிமையாளர் சுற்றுவெளியில் வந்து 'எண்ணி அடி தம்பி' என்பார்.

மருத்துவர் மலர் எழுதுகிறார்:

இந்தக் கோணத்தை நான் எண்ணிப் பார்த்ததில்லை, நன்றி. அப்படியானால் ஒரு கேள்வி அண்ணா: எல்லைக்கு மேல் ஒன்று, இரண்டு, மூன்று அடி என்றால் குதிரை நிற்கிறது, ஜாக்கிக்கு மட்டும் தடை. அந்த மூன்று அடிக்கு உள்ளே பழைய பேச்சு இன்னும் நடக்குமே?

முன்னாள் சவாரிக்காரன் எழுதுகிறார்:

நடக்கும் அம்மா. எல்லை 6 என்றால், 9 வரை அடிக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருப்பார்கள். அந்த மூன்று அடிக்கும் உரிமையாளரின் பரிசுப்பணத்திலிருந்து ஒரு பங்கைப் பிடிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.